"வெளிச்சம் நவுருதுன்னு நீ பாத்தியா?" என்று கேட்கும் மாமாவிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி இது: காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் தாய்மாமா, பிளஸ் டூ படிக்கும் மருமகனின் இயற்பியல் புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். "சத்தம் காத்துல போவுதுன்றான். ஜன்னல சாத்திட்டு, காத்தே அடிக்காத ரூம்ல பேசுனாலும் கேக்குதே, அது இன்னா? சூரியனுக்கும் நமக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லன்றான். அப்போ வெளிச்சம் எது மேல ஏறி வருது? வெளிச்சம் நவுருதுன்னு நீ பாத்தியா, உன் வாத்தியார் பாத்தாரா?" புத்தகத்தைக் காட்டினால், "எழுதுனவனுக்குச் சம்பளம் வருதுடா" என்று முடித்துவிடுகிறார். இவரிடம் எப்படி வாதாடுவது?

மூன்றுமே நல்ல கேள்விகள். மூன்றாவதற்கு விடை தேடி கலிலியோவே கைவிரித்தார். இரண்டாவதை வைத்துக்கொண்டு 19ஆம் நூற்றாண்டின் பெரிய தலைகள் திண்டாடின. அதனால் "இதுகூடத் தெரியாதா மாமா" என்ற தொனி வேண்டாம். அடுத்தவர் சொன்னதை நம்ப மாட்டேன் என்கிறார். கடலில் பிழைக்கிறவருக்கு அந்தக் குணம் தேவைதான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவர் கையில் இருக்கிற சாமான்களிலிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் இருவரும் தங்கள் விடையை எண்ணாகச் சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். "கொஞ்சம் லேட்டா கேக்கும்" என்றெல்லாம் எழுதக் கூடாது. "கால் விநாடி" என்று எழுத வேண்டும். எண் தப்பினால் நீங்களும் தோற்கலாம் என்று தெரிந்தால்தான் மாமா ஆட்டத்துக்கு வருவார்.

முதல் கேள்வி சொல் குழப்பம். காற்று வேறு, காற்றோட்டம் வேறு. மின்விசிறியை நிறுத்தினாலும் அறைக்குள் காற்று இருக்கத்தான் செய்கிறது. ஜன்னலைச் சாத்தி ஓர் ஊதுபத்தி ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று மாமா அதட்டட்டும். புகைக்கோடு அசையாது, ஆனால் குரல் எதிர்ச்சுவருக்குப் போய்விடும். காற்று இடம்பெயர்ந்து போவதில்லை, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் துடிக்கிறது. சாதாரணப் பேச்சில் அந்தத் துடிப்பு ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆள் இடித்தால் அந்த இடி முதல் ஆள் முதுகில் விழும், ஆனால் யாரும் இடம் மாறியிருக்க மாட்டார்கள். அதுபோலத்தான். ஊதுபத்திக்கு மிக அருகில் வாயை வைத்துப் பேசினால் மூச்சுக்காற்று புகையைக் கலைத்துவிடும், "பாத்தியா, அசையுது" என்பார். இரண்டு மீட்டர் தூரம் அதற்காகத்தான்.

அடுத்து எக்கோ சவுண்டர். படகில் அது இருக்கிறதென்றால் பாதி வாதம் முடிந்தது. படகின் அடியில் பொருத்திய டிரான்ஸ்டியூசர் ஒரு சத்தத் துடிப்பைக் கீழே அனுப்புகிறது. அது தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை எண்ணி ஆழம் காட்டுகிறது. 30 மீட்டர் ஆழம் என்றால் போக வர 60 மீட்டர். கடல்நீரில் சத்தம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஆக 0.04 விநாடி. மீன் தேடும் கருவிகளில் வழக்கமாக 50 கிலோ ஹெர்ட்ஸ், 200 கிலோ ஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கும். நம் காது 20 கிலோ ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதனால்தான் கருவி கத்துவது நமக்குக் கேட்பதில்லை.

"மிஷின் எதையோ காட்டுது, அதை எப்படி நம்புறது?" என்றால், ஈயக்குண்டு கட்டிய கயிறு இருக்கிறது. ஒரு பாகம் ஏறக்குறைய 1.83 மீட்டர். நங்கூரம் போட்டு, நீரோட்டம் இல்லாத நேரத்தில் கயிறு செங்குத்தாக இறங்கும்படி பிடித்து அளக்க வேண்டும். கயிறு சாய்ந்தால் ஆழம் கூடுதலாகத் தெரியும். டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் அந்த ஒரு மீட்டர் சொச்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவ்வளவு பார்த்து அளந்தாலும் கருவி கொஞ்சம் குறைத்துத்தான் காட்டக்கூடும். காரணம், பல கருவிகள் 1,500 என்ற எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. நம் வங்கக் கடலின் மேல்மட்ட நீர் 29 டிகிரியில் இருக்கும்போது உண்மையான வேகம் 1,540க்குப் பக்கம். 40 மீட்டர் ஆழம் 39 என்று தெரியும். இந்த ஒரு மீட்டர் பிசகை முன்கூட்டியே சீட்டில் எழுதி வையுங்கள். சரியாக வருவதைச் சொல்வதைவிட, எவ்வளவு தப்பாக வரும் என்று சொல்லி அது அப்படியே வந்தால் மாமாவிடம் மதிப்பு அதிகம்.

இன்னொன்று, அவரே நூறு தடவை பார்த்திருப்பார். கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் திரையில் தரைக்கோடு 12 மீட்டரில் தெரியும், அதற்குக் கீழே 24 மீட்டரில் மங்கலாக இன்னொரு தரைக்கோடும் தெரியும். கடலுக்கு ஏது இரண்டு தரை? திரும்பி வந்த சத்தம் நீரின் மேற்பரப்பில் முட்டி, மறுபடி கீழே போய், மறுபடி வந்ததுதான் அது. சத்தம் பயணம் செய்யவில்லை என்றால் இரண்டாவது கோட்டுக்கு வேறு விளக்கம் கேளுங்கள். புரொப்பல்லர் கலக்கிய நுரைக்குமிழி டிரான்ஸ்டியூசருக்கு அடியில் வந்தால் திரை வெளுத்துப்போவதும் அவருக்குத் தெரியும். நீரிலிருந்து காற்றுக்குள் சத்தம் நுழைவது மகா கடினம், குமிழியில் பட்டுத் தெறித்துவிடுகிறது.

கரைக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் பழுதுபார்க்க நிற்கும், சுத்தியல் சத்தம் ஓயாது. 90 மீட்டர் தள்ளி நின்று மொபைலில் ஜூம் செய்து, ஒருவர் சுத்தியலால் அடிப்பதை வீடியோ எடுங்கள். 30 டிகிரி வெயிலில் காற்றில் சத்தத்தின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர். கணக்கு எளிது: 331உடன் வெப்பநிலையை 0.6ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். ஆக 0.26 விநாடி தாமதம் வர வேண்டும். விநாடிக்கு 30 பிரேம் வீடியோவில் ஏறத்தாழ 8 பிரேம். எடிட்டிங் ஆப் எதிலாவது பிரேம் பிரேமாக நகர்த்தி, சுத்தியல் பட்ட பிரேமையும் சத்தம் எகிறும் இடத்தையும் குறியுங்கள். "போன்ல சத்தமும் படமும் முன்னபின்ன இருக்கும்டா" என்று மாமா சொன்னால், சொன்னது சரி. சில போன்களில் ஓரிரண்டு பிரேம் விலகல் உண்டு. அதனால் அதே போனில் 2 மீட்டர் தூரத்திலும் ஒரு வீடியோ எடுத்து, அதில் வரும் விலகலைக் கழித்துவிடுங்கள். பிறகு 45 மீட்டரில் எடுங்கள். தாமதம் பாதியாக வேண்டும். ஸ்லோமோஷன் வேண்டாம், பல போன்களில் அதில் சத்தம் பதிவாவதே ஒழுங்காக இருக்காது.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பில் சத்தத்தால் ஓடி நிற்கும் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. இரண்டு போன்களைச் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் தரையில் வையுங்கள். மாமா தன் போன் அருகே கைதட்ட, இரண்டும் ஓடத் தொடங்கும். ஓரிரு விநாடி கழித்து நீங்கள் உங்கள் போன் அருகே தட்ட, இரண்டும் நிற்கும். இரண்டு போன்களும் காட்டும் நேரங்களின் வித்தியாசம், சத்தம் 10 மீட்டர் போக எடுத்த நேரம்: சுமார் 28.6 மில்லிவிநாடி. சத்தம் இரு திசையிலும் போவதால் கடற்காற்றின் பாதிப்பு தானாகவே அடிபட்டுப் போகும். கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ஆப்பில் சத்தவரம்பு, அதாவது எவ்வளவு சத்தத்துக்கு ஓட வேண்டும் என்ற அளவு, தாழ்வாக இருந்தால் தெருவில் போகிற ஆட்டோவே ஸ்டாப்வாட்ச்சை ஓட்டிவிடும். குறைந்தபட்ச இடைவெளியை 0.1 விநாடிக்குக் கீழே வைத்தால் சுவரில் பட்ட எதிரொலியே அதை நிறுத்திவிடும். மொட்டைமாடியில் விடியற்காலையில் செய்வது உத்தமம்.

தண்டவாளத்தில் காதை வைத்து ரயில் வருவதைக் கேட்டதாக யாராவது கதை சொல்வார்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் அப்படியெல்லாம் போக வேண்டாம். தண்டவாளத்தில் நடமாடுவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. முப்பது மீட்டர் நீளமுள்ள இரும்புக் கைப்பிடி போதும். ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் காதை ஒட்டியவருக்கு இரண்டு சத்தம் கேட்கும்: இரும்பு வழியாக 6 மில்லிவிநாடியில் ஒன்று, காற்று வழியாக 86 மில்லிவிநாடியில் ஒன்று. கைப்பிடியின் தூண்கள் கான்கிரீட்டில் புதைந்திருந்தால் முதல் சத்தம் வழியிலேயே செத்துவிடும்.

இனி வெற்றிடம். பள்ளிக்கூடத்தில் காட்டும் கண்ணாடி ஜாடிக்குள் மணிச் சோதனை பெரும்பாலும் சொதப்புவது, பம்ப் போதாமல். கைப்பம்பால் காற்றைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் மணி நன்றாகவே கேட்கும், மாமா ஜெயித்துவிடுவார். ஏசி மெக்கானிக்கிடம் இருக்கும் வேக்கம் பம்ப் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோகும். அதைக் கேட்டு வாங்குங்கள். பாத்திரத்துக்கு அலுமினிய பிரஷர் குக்கரின் அடிப்பாகம், மூடிக்கு 12 மில்லிமீட்டர் கனமான அக்ரிலிக் தகடு, நடுவே ரப்பர் கேஸ்கட். ஊறுகாய் பாட்டிலை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். 20 சென்டிமீட்டர் அகல மூடிமேல் வெளிக்காற்று அழுத்தும் பாரம் 320 கிலோவுக்குச் சமம். சாதாரணக் கண்ணாடி உள்நோக்கி வெடிக்கும். மொபைலையும் உள்ளே வைக்க வேண்டாம், பேட்டரி உப்பிவிடும். ஒரு சிறு பஸ்ஸர், ஒரு எல்இடி, ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். எல்லாவற்றையும் ரப்பர் பேண்டில் தொங்கவிடுங்கள். பாத்திரச் சுவரைத் தொட்டால் சத்தம் அலுமினியம் வழியாகவே வெளியே வந்துவிடும்.

முதலில் மூடியை முழுக்க இறுக்கி, காற்றோடு கேளுங்கள். "மூடியை இறுக்குனதால அடங்கிச்சு" என்று பிறகு சொல்ல முடியாது. பிறகு பம்பை ஓட்டுங்கள். கேட்பதற்கு முன் வால்வை அடைத்து பம்பை நிறுத்துவது முக்கியம், இல்லாவிட்டால் பம்பின் இரைச்சலில் ஒன்றும் தெரியாது. பஸ்ஸர் கிணற்றுக்குள் போனதுபோல் தேய்ந்துவிடும், ரப்பர் வழியே வரும் மிச்சம் மட்டும் லேசாக இருக்கும். வால்வை மெல்லத் திறந்தால் சத்தம் படிப்படியாக ஏறி வரும். இவ்வளவு நேரமும் எல்இடி வெளிச்சம் துளியும் மங்கியிருக்காது. சூரியனுக்கும் நமக்கும் நடுவே நடப்பதை குக்கருக்குள் பார்த்தாகிவிட்டது.

"சரி, அப்போ எது மேல ஏறி வருது?" இதற்கு அன்றைய விஞ்ஞானிகள் சொன்ன பதில் மாமாவின் பதில்தான்: எதன் மேலாவது ஏறித்தான் வர வேண்டும். அதற்கு ஈதர் என்று பெயர்கூட வைத்தார்கள். 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் பூமி ஈதருக்குள் ஓடும் வேகத்தை அளக்கப் பார்த்தார்கள், எதிர்பார்த்தது தென்படவில்லை. அதற்கு முன்பே, 1860களில், மாக்ஸ்வெல் மேஜைமேல் அளந்த மின்சார, காந்த அளவுகளை மட்டும் வைத்து ஓர் அலையின் வேகத்தைக் கணக்கிட்டார். அது வெளிச்சத்தின் வேகத்தோடு பொருந்தியது. மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று கிளப்பிக்கொண்டு தாமே போகின்றன, வாகனம் தேவையில்லை. இது உடனே மனசில் ஒட்டாது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். படகிலேயே இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் அனுப்பும் ரேடியோ அலையும் இதே மின்காந்த அலைதான், வெளிச்சத்தின் பங்காளி. வயர்லெஸை நீருக்குள் இறக்கினால் உப்புநீர் அதை விழுங்கிவிடும். எக்கோ சவுண்டரை மேலே தூக்கினால் அது ஊமை. ஒரே படகில் இரண்டு வேறு சாதி அலை, ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

இன்னொரு எளிய வித்தியாசம் போலராய்டு கண்ணாடியில் தெரியும். இரண்டு போலராய்டு கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒன்றை 90 டிகிரி திருப்பினால் இருட்டாகிவிடும். வெளிச்சம் போகும் திசைக்குக் குறுக்கே துடிப்பதால் இப்படி. காற்றில் சத்தம் போகும் திசையிலேயே துடிக்கிறது, அதை இப்படி வடிகட்ட வழியில்லை. பிளாட்பாரத்தில் வாங்கிய கண்ணாடி வெறும் கறுப்பு பிளாஸ்டிக்காக இருக்கலாம். கால்குலேட்டர் திரையின் முன் திருப்பிப் பாருங்கள், எழுத்து மறையாவிட்டால் அது போலராய்டு இல்லை.

சில சான்றுகளைத் தொடாமல் இருப்பதே நல்லது. பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கத்திய பிறகு நம் டிவியில் பந்து போடுவது வெளிச்சத்தின் வேகத்தால் இல்லை, படத்தைச் சுருக்கி விரிக்கும் கருவிகளின் தாமதம். மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழலவிடாமல் அப்பளம் வைத்து, பொரிந்த இடங்களுக்கு இடையே 6 சென்டிமீட்டர் அளந்து, அதை இரட்டித்து, 2,450 மெகா ஹெர்ட்ஸால் பெருக்கும் வித்தை வேடிக்கைதான். ஆனால் பொரியும் இடங்கள் அவ்வளவு ஒழுங்காக வராது, அதோடு அந்த 2,450 அடுப்பின் ஸ்டிக்கரில் படித்தது. "ஸ்டிக்கரை நம்புறியா" என்பார். நிலாவை இழுக்கவே வேண்டாம், போனார்களா இல்லையா என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஐப்பசியில் ராத்திரி கடல்மேல் மின்னல் வெட்டும், இடி கேட்காது. "உன் கணக்குப்படி ஒரு நிமிஷம் கழிச்சு கேக்கணுமே?" என்று மாமா மடக்கக்கூடும். சத்தம் சூடான காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகும். உயரே போகப் போகக் காற்று குளிர்வதால் அலையின் மேல்பகுதி பின்தங்கி, முழு அலையும் வானத்தைப் பார்த்து வளைந்துவிடும். அதனால் 15, 20 கிலோமீட்டருக்கு அப்பால் இடி பெரும்பாலும் நம் தலைக்கு மேலேயே போய்விடுகிறது. தெளிந்த இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே சூடாக இருந்தால் இதற்கு நேரெதிர். அலை கீழ்நோக்கி வளையும். பகலில் கேட்காத துறைமுகக் கப்பல் ஹாரன் நள்ளிரவில் வியாசர்பாடி வரை கேட்பதில் ஊர் அமைதிக்குப் பங்கு உண்டு, இந்த வளைவுக்கும் உண்டு.

"எவனோ வெள்ளைக்காரன் எங்கேயோ அளந்தான்" என்றால், அளந்தது வெள்ளைக்காரர்தான், இடம் நம் ஊர். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1820, 21இல், கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை மாலை சுடும் பீரங்கியின் தீவெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் வரும்வரை விநாடிகளை எண்ணினார். பரங்கிமலை சுமார் 9 கிலோமீட்டர்; 26 விநாடி. காற்று, வெப்பம், ஈரம் எல்லாம் குறித்து வைத்தார். குளிர்மாதங்களில் வேகம் குறைவு, வெயில் மாதங்களில் கூடுதல் என்று 1823இல் லண்டனில் அச்சானது. நியூட்டனே இந்த வேகத்தைக் கணக்கில் 15 சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார், லாப்லாஸ்தான் திருத்தினார் என்பதையும் சொல்லுங்கள். பெரியவர்களும் தப்புச் செய்வார்கள் என்பது மாமாவுக்குப் பிடித்த விஷயம்.

கடைசிக் கேள்வி, வெளிச்சம் நகர்வதை யார் பார்த்தார். கலிலியோ யோசனைப்படி இரண்டு பேர் விளக்கை மூடித் திறந்தால் ஒன்றும் தெரியாது. 12 கிலோமீட்டருக்கு வெளிச்சம் எடுப்பது 40 மைக்ரோவிநாடி, கை அசையவே கால் விநாடி ஆகும். 1849இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிசோ செய்தது கெட்டிக்காரத்தனம். 720 பல் கொண்ட சக்கரத்தின் பல்லிடுக்கு வழியே வெளிச்சத்தை 8.63 கிலோமீட்டர் தள்ளியிருந்த கண்ணாடிக்கு அனுப்பினார், ஏறக்குறைய ராயபுரத்துக்கும் எர்ணாவூருக்கும் உள்ள தூரம். சக்கரம் விநாடிக்கு 12.6 சுற்று சுற்றியபோது, திரும்பிய வெளிச்சம் அடுத்த பல்லில் முட்டி மறைந்தது. இடுக்கு பல்லாக மாறும் நேரம் விநாடியில் 18,144இல் ஒரு பங்கு, தூரம் 17.26 கிலோமீட்டர். பெருக்கினால் விநாடிக்கு 3,13,000 கிலோமீட்டர். இன்றைய எண் 2,99,792 சொச்சம்.

அதை மாமா வீட்டிலேயே சரிபார்க்கலாம். சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,900 கிலோமீட்டர். கடலடி கேபிளின் கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் சொச்சம்தான் போகும். போக வர 28 மில்லிவிநாடிக்குக் குறைய முடியாது. கேபிள் வளைந்து போவதால் இன்னும் கூடும். மொபைல் டேட்டாவில் வேண்டாம், பிராட்பேண்ட் வயரில் ஒரு சிங்கப்பூர் சர்வருக்கு நூறு தடவை பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சிறு செய்தி) அனுப்பி, மிகக் குறைந்த எண்ணை மட்டும் எடுங்கள்; சராசரியில் நெரிசலும் சேர்ந்துவிடும். 3, 5 என்று வந்தால் மகிழ வேண்டாம், பெரிய கம்பெனிகள் சென்னையிலேயே நகல் சர்வர் வைத்திருப்பார்கள். செய்தி போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையை ஓட்டினால் எந்த ஊரோடு நின்றது என்று தெரியும். உண்மையிலேயே சிங்கப்பூரில் இருக்கிற சர்வரிலிருந்து 28க்குக் கீழே ஒரு எண் வந்தால், மாமா சீட்டைப் பிரிக்கலாம், பிரியாணி உங்கள் செலவு.